லாஞ்சரில் சொந்தக் கட்டளை: பெயர் வைப்பது எளிது, ஓட வைப்பதில்தான் நுணுக்கம்

2025 செப்டம்பர் 15 அன்று வெளியான மேக்ஓஎஸ் டஹோவில், ஸ்பாட்லைட் தேடல் பெட்டிக்கு ஆப்பிள் புதிய வேலை ஒன்றைக் கொடுத்தது. அதுவரை கோப்பையும் செயலியையும் தேடிக் கொடுத்த பெட்டி, இப்போது மின்னஞ்சல் அனுப்புகிறது, குறிப்பு எழுதுகிறது. ‘எஸ்’, ‘எம்’ என்ற இரண்டு விசைகளைத் தட்டினால் செய்தி அனுப்பும் கட்டளை முன்னால் வந்து நிற்கிறது. அதே ஆண்டின் முற்பகுதியில் விண்டோஸுக்கான பவர்டாய்ஸ் தொகுப்பில் மைக்ரோசாஃப்ட் ‘கமாண்ட் பேலட்’ என்ற இதே வகைப் பெட்டியைச் சேர்த்தது. இத்தகைய பெட்டிகளை லாஞ்சர் என்பார்கள். ஆல்ஃபிரட், ரேகாஸ்ட் போன்ற லாஞ்சர்களை ஏற்கெனவே பயன்படுத்துவோருக்கு இதில் புதுமை குறைவு. மற்றவர்களுக்கோ கேள்விகள் நிறைய. இந்தப் பெட்டிகள் என்னதான் செய்கின்றன? நமக்கு வேண்டிய கட்டளையை நாமே எழுத முடியுமா? டெர்மினலில் (கட்டளைகளை எழுத்தாகத் தட்டும் சாளரம்) ஒழுங்காக ஓடும் ஸ்கிரிப்ட் (கட்டளைகள் அடங்கிய சிறு நிரல்) இங்கே வந்ததும் ஏன் அடம்பிடிக்கிறது?

மூன்றாவது கேள்வியில்தான் பலர் முயற்சியைக் கைவிடுகிறார்கள். அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதற்கே. அதற்கு முன் அடிப்படை.

## லாஞ்சர் செய்யும் வேலை

ஒரு குறுக்குவிசையை அழுத்தினால் திரை நடுவே ஒரு சிறு பெட்டி திறக்கும். அதில் சில எழுத்துகளைத் தட்டி எண்டர் கொடுத்தால் வேலை நடக்கும். மவுஸ் தேவையில்லை. இதற்குப் பின்னால் மூன்று படிகள் உண்டு.

1. பட்டியல். கணினியில் உள்ள செயலிகள், கோப்புகள், கட்டளைகள் எல்லாவற்றின் பெயரையும் லாஞ்சர் முன்கூட்டியே திரட்டி வைத்திருக்கும்.

2. பொருத்தம். நீங்கள் தட்டும் எழுத்துகளைப் பட்டியலோடு ஒப்பிடும். பெரும்பாலானவற்றில் முழுப்பெயர் தேவையில்லை. எழுத்துகள் அதே வரிசையில் இருந்தால் போதும். எதை அடிக்கடி தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதையும் நினைவில் வைத்து, அடுத்த முறை அதை மேலே கொண்டுவரும்.

3. ஒப்படைப்பு. தேர்ந்தெடுத்ததை இயங்குதளத்திடம் கொடுத்துவிட்டு லாஞ்சர் ஒதுங்கிக்கொள்ளும்.

சொந்தக் கட்டளை என்பது முதல் படியில் உள்ள பட்டியலில் நீங்களாகச் சேர்க்கும் ஒரு வரி. அதற்கு ஒரு பெயர் இருக்கும். அதைக் கீவேர்ட் என்பார்கள். அதனோடு உள்ளீடு ஒன்று சேரலாம். ‘வி கோவை’ என்று தட்டினால் ‘வி’ கீவேர்ட், ‘கோவை’ உள்ளீடு. மூன்றாவதாக, அந்த இரண்டையும் வைத்துச் செய்ய வேண்டிய செயல்: ஒரு முகவரியைத் திறப்பதோ, ஒரு ஸ்கிரிப்டை ஓட்டுவதோ.

## பொருள் முதலா, வினை முதலா?

கட்டளையை எந்த வரிசையில் சொல்வது என்பதில் லாஞ்சர்களுக்குள் பழைய கருத்து வேறுபாடு ஒன்று உண்டு.

ஆப்பிளில் 1979-இல் மெக்கின்டாஷ் திட்டத்தைத் தொடங்கியவர் ஜெஃப் ரஸ்கின். அவருடைய மகன் ஏஸா ரஸ்கினும் நண்பர்களும் நடத்திய ஹியூமனைஸ்டு நிறுவனம் 2007-இல் விண்டோஸுக்கு ‘என்ஸோ’வை வெளியிட்டது. கேப்ஸ் லாக் விசையை அழுத்திப் பிடித்தபடி ‘ஓப்பன்’ என்று தட்டி, பிறகு செயலியின் பெயரைத் தட்டி, விரலை எடுத்தால் செயலி திறக்கும். விரல் அழுத்தியிருக்கும்வரைதான் அது கட்டளை நிலை. விரலை எடுத்ததும் கணினி பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், எந்த நிலையில் இருக்கிறோம் என்ற குழப்பத்துக்கே இடமில்லை. இங்கே வினை முதலில் வரும்.

மேக்கில் நிகோலஸ் ஜிட்காஃப் உருவாக்கிய குவிக்சில்வர் இதை மாற்றிப் போட்டது. முதல் கட்டத்தில் பொருள், இரண்டாவதில் செயல், தேவைப்பட்டால் மூன்றாவதில் சேருமிடம். கோப்பைத் தேர்ந்தெடுங்கள், ‘நகர்த்து’ என்று சொல்லுங்கள், கோப்புறையைக் காட்டுங்கள். பொருள் முன்பே தெரிந்துவிடுவதால், அதன்மேல் செய்யக்கூடிய செயல்களை மட்டும் லாஞ்சர் காட்டினால் போதும். படத்தைத் தேர்ந்தெடுத்தவருக்குத் தொலைபேசியில் அழைக்கும் கட்டளை கண்ணில் படவே படாது. என் பார்வையில் இதுவே சிறந்த வழி. ‘கோப்பைத் திற’, ‘படத்தை அம்மாவுக்கு அனுப்பு’ என்று வினையைக் கடைசியில் வைத்தே பேசும் நமக்கு இது இயல்பாகவும் வரும்.

இந்த வேறுபாடு வெறும் ரசனை சார்ந்ததன்று. 2008 ஆகஸ்டில் மொசில்லா லேப்ஸ் வெளியிட்ட ‘யுபிக்விட்டி’ ஆங்கில வாக்கியத்தையே கட்டளையாக ஏற்றது. வினையைக் கடைசியில் வைக்கும் ஜப்பானிய மொழி போன்றவற்றுக்கு அந்த அமைப்பு பொருந்தவில்லை. மைக்கேல் யோஷிடகா எர்ல்வைன் என்ற மொழியியலாளர் 2009-இல் அதற்காகப் புதிய பார்சரில் (வாக்கியத்தைப் பகுத்துப் படிக்கும் நிரல்) உழைக்க வேண்டியிருந்தது. கட்டளைக்கும் இலக்கணம் உண்டு என்பதை அந்தப் பணி வெளிப்படையாகக் காட்டியது.

## மூன்று வகைக் கட்டளைகள்

1. முகவரி அச்சு. எளிதானது, தொடங்குவதற்கு ஏற்றது. ஒரு தளத்தில் எதையாவது தேடிவிட்டு, முடிவுப் பக்கத்தின் முகவரியைப் பாருங்கள். நீங்கள் தேடிய சொல் அதில் ஓரிடத்தில் இருக்கும். அந்தச் சொல்லை எடுத்துவிட்டு அங்கே ஓர் இடக்குறியை வைத்தால் அச்சு தயார். ஆல்ஃபிரடில் நெளிவடைப்புக்குள் ‘கொரி’ என்றும், ரேகாஸ்டில் நெளிவடைப்புக்குள் ‘ஆர்கியுமெண்ட்’ என்றும் அந்த இடக்குறியை எழுதுவார்கள். தமிழ் விக்கிப்பீடியாவின் தேடல் முகவரியை இப்படி அச்சாக்கி ‘வி’ என்று பெயரிட்டால், மேலே சொன்ன ‘வி கோவை’ ஓடும். ரயில் நிலை, பொருள்விளக்க அகராதி, அலுவலகப் புகார் எண் என்று நாளைக்குப் பத்து முறை திறக்கும் பக்கங்களுக்கெல்லாம் இது போதும்.

2. ஸ்கிரிப்ட். முகவரியைத் திறப்பதைத் தாண்டி ஏதாவது செய்ய வேண்டுமென்றால் இது. ஒரு வரிக் குறிப்பைத் தேதியோடு ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டே போகும் கட்டளையை எடுத்துக்கொள்வோம். ரேகாஸ்டில் அதன் கோப்பு இப்படி அமையும்:

- முதல் வரி, எந்த ஷெல் (கட்டளைகளைப் படித்து ஓட்டும் நிரல்) இதை ஓட்ட வேண்டும் என்ற அறிவிப்பு.
- அடுத்து ‘#’ குறியோடு தொடங்கும் சில வரிகள். ஷெல்லுக்கு இவை வெறும் கருத்துரை. லாஞ்சருக்கோ இவைதான் அடையாள அட்டை. கட்டளையின் தலைப்பு, வெளியீட்டு முறை, உள்ளீட்டின் வகை ஆகியவை இங்கே இருக்கும். உள்ளீடுகள் மூன்றுவரை அனுமதி.
- கடைசியில் ஒரே ஒரு வேலை வரி: இன்றைய தேதியையும் முதல் உள்ளீட்டையும் கோப்பின் கடைசியில் ஒட்டு.

வெளியீட்டு முறையில் நான்கு தெரிவுகள். ‘ஃபுல் அவுட்புட்’ எல்லாவற்றையும் தனித் திரையில் காட்டும். ‘காம்பேக்ட்’ கடைசி வரியை மட்டும் சிறு அறிவிப்பாகக் காட்டும். ‘சைலன்ட்’ பெட்டியை மூடிவிட்டு அமைதியாக ஓடும். ‘இன்லைன்’ முதல் வரியைப் பட்டியலிலேயே காட்டி அவ்வப்போது புதுப்பிக்கும். குறிப்பு எழுதும் கட்டளைக்கு ‘சைலன்ட்’தான் சரி. எழுதியதும் பெட்டி மறைந்து, விட்ட வேலையில் கண் திரும்ப வேண்டும்.

3. நேரடிப் பட்டியல். நீங்கள் தட்டத் தட்ட ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப ஓடி, தேர்வு செய்யும் வரிகளைத் தானே தரும். ஆல்ஃபிரடில் இதற்கு ‘ஸ்கிரிப்ட் ஃபில்டர்’ என்று பெயர். ஒவ்வொரு வரிக்கும் தலைப்பு, துணைத்தலைப்பு, அடுத்த படிக்குப் போகும் மதிப்பு மூன்றையும் ஜேசன் என்ற தரவு வடிவில் தரலாம். லினக்ஸில் இதையே டீமெனு என்ற லாஞ்சர் மிகச் சுருக்கமாகச் செய்கிறது. எந்த நிரலிலிருந்தும் வரிகளை அதனுள் அனுப்பலாம். நீங்கள் தேர்ந்த வரியை அது வெளியே தரும். அவ்வளவே அதன் ஒப்பந்தம்.

## டெர்மினலில் ஓடுகிறது, லாஞ்சரில் ஓடவில்லை

இனிதான் முக்கியப் பகுதி. படங்களைக் கையாளும் இமேஜ்மேஜிக் நிரலை நிறுவி, படங்களைச் சிறிதாக்கும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள். டெர்மினலில் ஒரு நொடியில் வேலை முடிகிறது. அதையே லாஞ்சர் கட்டளையாக்கினால், ‘அப்படி ஒரு கட்டளையே இல்லை’ என்று பிழை வருகிறது. ‘சைலன்ட்’ முறையில் ஓட்டினால் அந்தப் பிழையையும் பலர் கவனிப்பதில்லை. ஸ்கிரிப்டில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது சூழல்.

1. தேடும் பாதை. ஒரு நிரலின் பெயரைச் சொன்னால் அது எந்தெந்தக் கோப்புறைகளில் இருக்கிறதா என்று ஷெல் பார்க்கும். அந்தக் கோப்புறைகளின் பட்டியல் ‘பாத்’ என்ற மாறியில் இருக்கும். டெர்மினலைத் திறக்கும்போது ஷெல் உங்கள் அமைப்புக் கோப்பைப் படித்து, ஹோம்ப்ரூ (மேக்கில் நிரல்களை நிறுவித் தரும் கருவி) போன்றவற்றின் கோப்புறையையும் அந்தப் பட்டியலில் சேர்த்துக்கொள்கிறது. லாஞ்சர் டெர்மினல் வழியாகத் திறக்கப்படுவதில்லை. அதனால் இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புறைகள் மட்டுமே அதற்குத் தெரியும். ஆப்பிள் சிலிக்கன் மேக்கில் ஹோம்ப்ரூ தன் நிரல்களை ‘ஆப்ட்’ கோப்புறைக்குள்ளும், பழைய இன்டெல் மேக்கில் ‘யூஎஸ்ஆர் லோக்கல்’ கோப்புறைக்குள்ளும் வைக்கிறது. இதைச் சில லாஞ்சர்கள் ஓரளவு ஈடுகட்டுகின்றன. அதை நம்பாமல், ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே பாதையை அறிவிப்பதும், நிரலை முழுப்பாதையோடு அழைப்பதும் உறுதியான வழி.

2. நிற்கும் இடம். டெர்மினலில் நீங்கள் ஒரு கோப்புறைக்குள் நின்று ஸ்கிரிப்டை ஓட்டுகிறீர்கள். லாஞ்சர் எங்கே நிற்கிறது என்பது அதன் விருப்பம். ‘இங்கே உள்ள படங்கள்’ என்று ஸ்கிரிப்ட் சொன்னால், அந்த ‘இங்கே’ வேறிடமாக இருக்கும்.

3. பதில் சொல்ல ஆள் இல்லை. கடவுச்சொல் கேட்கும் ‘சூடோ’, ‘ஆம்/இல்லை’ என்று நிற்கும் நிரல் ஆகியவற்றுக்குப் பதில் தட்ட லாஞ்சரில் டெர்மினல் இல்லை. அவை பிழையோடு முடியும் அல்லது காத்தே கிடக்கும்.

எது காரணம் என்று ஊகிக்க வேண்டாம். ஸ்கிரிப்டின் முதல் வேலையாக, ‘பாத்’தின் மதிப்பையும் நிற்கும் கோப்புறையையும் ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். டெர்மினலிலிருந்து ஒரு முறை, லாஞ்சரிலிருந்து ஒரு முறை ஓட்டி, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் விடை அங்கேயே தெரிந்துவிடும்.

## உள்ளீட்டில் ஒளிந்திருக்கும் ஆபத்து

குறிப்புக் கட்டளையில் ‘புத்தகம் விலை $20’ என்று எழுதுகிறீர்கள். கோப்பைத் திறந்தால் ‘புத்தகம் விலை 0’ என்று இருக்கிறது. எங்கே போனது அந்த 2?

லாஞ்சர் உங்கள் சொற்களை ஸ்கிரிப்டின் உரைக்குள்ளேயே வெட்டி ஒட்டியிருந்தால் இப்படி நடக்கும். இரட்டை மேற்கோளுக்குள் ‘$2’ என்பதைப் பாஷ் ஷெல் ‘இரண்டாவது உள்ளீடு’ என்று படிக்கிறது. அப்படி ஒன்று இல்லாததால் அங்கே வெற்றிடம் வந்து, பின்னாலிருந்த 0 மட்டும் மிஞ்சுகிறது. இழந்தது ஓர் எண் என்பதால் இது சிறிய தவறு. அதே இடத்தில் டாலர் குறியும் பிறையடைப்பும் சேர்ந்த உரை வந்தால், அடைப்புக்குள் இருப்பதைப் பாஷ் கட்டளையாகவே ஓட்டிவிடும். வலைப்பக்கம் ஒன்றிலிருந்து நகலெடுத்த வரியைக் குறிப்பாக ஒட்டும்போது, அதில் என்ன இருக்கிறது என்று யார் எழுத்தெண்ணிப் பார்க்கிறோம்?

தீர்வு ஒன்றுதான். உள்ளீட்டை உரைக்குள் ஒட்டாமல், தனி மதிப்பாகக் கையளிக்கச் செய்யுங்கள். ஆல்ஃபிரடில் உள்ளீட்டை ‘ஆர்க்வி’யாகத் தரும் தெரிவு அதற்காகவே இருக்கிறது. ரேகாஸ்ட் இயல்பாகவே அப்படித்தான் தருகிறது. ஸ்கிரிப்டுக்குள் அந்த மதிப்பைப் பயன்படுத்தும் ஒவ்வோர் இடத்திலும் இரட்டை மேற்கோள் போடுங்கள். மேற்கோள் இல்லாவிட்டால் பாஷ் இடைவெளியில் வெட்டிவிடும். ‘பழைய பில்’ என்ற கோப்பை அழிக்கச் சொன்னால், ‘பழைய’ என்று ஒரு கோப்பு, ‘பில்’ என்று இன்னொரு கோப்பு என இரண்டையும் அழிக்கக் கிளம்பும்.

அழிக்கும், அனுப்பும், பணம் செலுத்தும் எந்தக் கட்டளைக்கும் உறுதிப்படுத்தல் வைப்பது கட்டாயம் என்றே சொல்வேன். ரேகாஸ்டில் அதற்கென அடையாள வரி உண்டு. லாஞ்சரின் பொருத்தம் சில எழுத்துகளில் முடிந்துவிடும். இன்று மேலே நின்ற கட்டளை, பழக்கம் மாறியதும் நாளை இரண்டாவதாகிவிடும். கையோ திரையைப் பார்க்காமல் எண்டரைத் தட்டிப் பழகியிருக்கும்.

## தமிழில் தட்டும்போது

தமிழில் எழுதுவோருக்கு மூன்று சிக்கல்கள் கூடுதலாக வரும்.

1. விசைப்பலகை. தமிழ்99 இயங்கிக்கொண்டிருக்கும்போது லாஞ்சரைத் திறந்து ‘எஸ்’, ‘எம்’ விசைகளைத் தட்டினால் பெட்டியில் ‘இர’ என்று விழும். எந்தக் கட்டளையும் வராது. லாஞ்சர் திறக்கும்போது விசைப்பலகையைத் தானாக மாற்றும் அமைப்பு ஆல்ஃபிரடிலும் ரேகாஸ்டிலும் இருக்கிறது. ஆனால் கீவேர்ட் ஆங்கிலத்திலும் உள்ளீடு தமிழிலும் இருந்தால், நடுவில் விசைப்பலகையை மாற்றியாக வேண்டும். தமிழ் உள்ளீடு கேட்கும் கட்டளைக்குத் தமிழிலேயே கீவேர்ட் வைத்துவிடுவது நல்லது. ‘வி’ என்று பெயரிட்டதும் அதனால்தான்.

2. முகவரிக் குறியாக்கம். வலை முகவரிக்குள் தமிழ் எழுத்து அப்படியே போகாது. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்; ஒவ்வொரு பைட்டும் ‘%’ குறியோடு மூன்று குறிகளாக விரியும். ‘அம்மா’ என்ற சொல்லில் அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து யுனிகோடு குறிகள். முகவரிக்குள் அது 45 குறிகளாக நீளும். முகவரி அச்சு வகைக் கட்டளையில் லாஞ்சரே இதைச் செய்துவிடும். முகவரியை நீங்களே ஸ்கிரிப்டில் கட்டினால், ரேகாஸ்டின் உள்ளீட்டு வரியில் இந்தக் குறியாக்கத்தைக் கேட்டு வாங்க வேண்டும்.

3. ஒரே தோற்றம், இரண்டு வடிவம். ‘கோவை’யில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம், இரட்டைச்சுழிக் கொம்பு, கால் என இரண்டாகவும் பிரித்து எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட் கணக்கில் ஒன்று 12, மற்றொன்று 15. மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவில்தான் சேமித்தது. அப்படி வந்த பெயர்களுக்குள் உங்கள் ஸ்கிரிப்ட் சேர்ந்த வடிவில் ‘கோவை’யைத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் கோப்பை இல்லை என்று சொல்லும். விக்கிப்பீடியா போன்ற தளங்கள் வரும் உரையைத் தாமே ஒரே வடிவுக்கு மாற்றிக்கொள்கின்றன. உங்கள் ஸ்கிரிப்ட் அதைத் தானாகச் செய்யாது. ஒப்பிடும் முன் இரு பக்கத்தையும் ‘என்எஃப்சி’ என்ற சேர்ந்த வடிவுக்கு மாற்றுங்கள். பைத்தானில் அது ஒரே வரி.

## எழுதியதை எங்கே வைப்பது?

2021-இல் வந்த மேக்ஓஎஸ் 12-இல் ஆப்பிள் பிஎச்பி நிரல்மொழியை நீக்கியது. 2022 மார்ச்சில் வந்த 12.3-இல் பைத்தான் 2-ஐயும் நீக்கியது. அந்த மொழிகளை நம்பி எழுதப்பட்டிருந்த ஆல்ஃபிரட் வொர்க்ஃப்ளோக்கள் (ஆல்ஃபிரடுக்காக எழுதும் கட்டளைத் தொகுப்புகள்) அடுத்தடுத்து நின்றன. கட்டளைகளின் நிரல்வரிகள் முழுவதும் லாஞ்சரின் உள்பெட்டிகளுக்குள்ளேயே சிதறிக் கிடந்தால், அவற்றைத் தேடி எடுத்துத் திருத்துவதே ஒரு வேலை.

ஆகவே வேலையைத் தனி ஸ்கிரிப்ட் கோப்பாக ஒரே கோப்புறையில் வையுங்கள். லாஞ்சரில் பெயரும் உள்ளீடும் மட்டும் இருக்கட்டும். லாஞ்சரை மாற்றினாலும் கோப்புறை அப்படியே வரும். அதே ஸ்கிரிப்டை டெர்மினலிலும் சோதிக்கலாம்.

பிறர் எழுதிய நீட்சிகளை நிறுவும்போதும் ஒன்றைக் கவனியுங்கள். லாஞ்சரில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு உங்கள் கணக்கின் கோப்புகளைத் தொடும் உரிமை பெரும்பாலும் உண்டு. மூலநிரலைத் திறந்து பார்க்க முடியாத வொர்க்ஃப்ளோவை நிறுவாதீர்கள்.

## எந்தக் கணினியில் எங்கே தொடங்குவது

விண்டோஸ். எதையும் நிறுவாமலே தொடங்கலாம். ‘பாத்’ பட்டியலில் உள்ள ஒரு கோப்புறையில் ஷார்ட்கட் ஒன்றை வைத்துச் சிறு பெயரிட்டால், விண்டோஸ் விசையும் ‘ஆர்’ விசையும் சேர்த்து அழுத்தித் திறக்கும் ரன் பெட்டியில் அந்தப் பெயரே கட்டளையாகிவிடும். உள்ளீட்டோடு கூடிய முகவரி அச்சு வேண்டுமானால் கமாண்ட் பேலட்டின் புக்மார்க் வசதி இருக்கிறது.

லினக்ஸ். உங்கள் வீட்டுக் கோப்புறைக்குள் செயலிகளுக்கென உள்ள இடத்தில் ஒரு ‘டெஸ்க்டாப்’ கோப்பை எழுதி வையுங்கள். பெயர், ஓட்ட வேண்டிய நிரல், தேடுசொற்கள் என்று நான்கைந்து வரிதான். க்னோமின் தேடல் பெட்டி, கேரன்னர், ரோஃபி ஆகிய மூன்று லாஞ்சர்களும் ஒரே கோப்பைப் படிக்கும்.

மேக். ஸ்பாட்லைட்டின் புதிய கட்டளைகள், செயலியை எழுதியவர்கள் ‘ஆப் இன்டென்ட்ஸ்’ வழியாகத் திறந்துவிட்ட செயல்கள். அவர்கள் திறக்காததை ஸ்பாட்லைட்டுக்குள்ளிருந்து நீங்கள் சேர்க்க முடியாது. ஆல்ஃபிரடுக்கும் ரேகாஸ்டுக்கும் இன்னும் இடம் இருப்பது இதனால்தான். வேறு எதையும் நிறுவ விரும்பாதவர்களுக்கு ஒரு சுற்றுவழி உண்டு. ஷார்ட்கட்ஸ் செயலியில் புதிய ஷார்ட்கட் ஒன்றை உருவாக்கி, ‘ரன் ஷெல் ஸ்கிரிப்ட்’ படியைச் சேர்த்து, உங்கள் கோப்புறையில் உள்ள ஸ்கிரிப்டை அதிலிருந்து அழையுங்கள். உள்ளீட்டைக் கேட்டு வாங்கும் படி ஒன்றையும் முன்னால் வைக்கலாம். அந்த ஷார்ட்கட்டின் பெயரை ஸ்பாட்லைட்டில் தட்டினால் ஓடும். முதல் முறை ஓட மறுத்தால், ஷார்ட்கட்ஸ் அமைப்புகளின் ‘அட்வான்ஸ்டு’ பகுதியில் ஸ்கிரிப்ட் ஓட்டும் அனுமதி அணைந்தே இருக்கிறதா என்று பாருங்கள்.